பிரசவத்துக்கு அப்பா வருகிறார்

பீர்க்கன்கரணை
5.10.2025

அன்புள்ள ஸஹானாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது மூன்று பேருக்கும் தனித்தனியாக வேண்டிக்கொள்கிறேன். வாராவாரம் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுகிறவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல நாலு ஞாயிற்றுக்கிழமையாக முயற்சி செய்தேன், வாய் வரவில்லை. நீ "விசா வேலை எந்த மட்டுலம்மா இருக்கு" என்று கேட்பாய், நான் தலையை ஆட்டிவிட்டு மாவு புளிக்கிறதா என்று விசாரிப்பேன். லீவுக்கு வந்திருக்கும் உன் ஆபீஸ் ஸ்டெபின் வியாழக்கிழமை நெதர்லாந்து திரும்புகிறான் இல்லையா, அவனிடம் பருப்புப் பொடி, சுக்கு, நெல்லிக்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு பொட்டலத்தைப் பிரி.

விஷயம் இதுதான் கண்ணு. நவம்பரில் உன் பிரசவத்துக்கு நான் வந்து மூன்று மாதம் தங்க முடியாது. நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன். வண்டலூர் தாண்டி ரயில் பாதை ஓரமாக இருக்கிறதே அந்தப் பல்கலைக்கழகத்தில், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், இரண்டு வருஷப் படிப்பு. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத லீவு கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. தலைப் பிரசவத்துக்குத் தாய் போகாமல் படிக்கப் போனாளாம் என்று சொந்தக்காரர்கள் பேசப் போவது எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சு எனக்குப் பெரிதில்லை. நீ என்ன நினைப்பாய் என்பதுதான் உறுத்துகிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு காலேஜிலிருந்து மாணவிகள் பயிற்சிக்கு வந்தார்கள். ஒரு பெரியவருக்கு இதயத்துக்கான மாத்திரை கொடுக்க வேண்டும். நாடியைப் பார்த்தேன், ரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியத்தைப் பார்த்தேன், குறைவாக இருந்தது. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று மாத்திரையை நிறுத்தி வைத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "மேடம், பொட்டாசியம் கம்மியா இருந்தா ஏன் குடுக்கக் கூடாது?" என்று கேட்டாள். இருபத்து நாலு வருஷமாக அந்த மாத்திரையை எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது என்று பார்த்து வருகிறேன், ஒரு தடவை கூடத் தப்பு வந்ததில்லை. ஆனால் ஏன் என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அப்படித்தான்மா, டாக்டர்ங்க சொல்லியிருக்காங்க" என்றேன். நோட்டும் பேனாவுமாக நின்றவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அப்போது சித்திகா வந்து, மாத்திரையும் பொட்டாசியமும் உடம்பில் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், பொட்டாசியம் குறைந்தால் மாத்திரை அளவுக்கு மேல் வேலை செய்து இதயத் துடிப்பைக் குழப்பிவிடும் என்று இரண்டே வரியில் சொன்னாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சித்திகாவை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் பச்சைப் புடவையில் ஓடியாடி வேலை செய்தாளே. அவள் முதன்முதலாக ஊசி போட்டபோது கை நடுங்காமல் பிடித்துக்கொண்டவள் நான்தான். இப்போது பி.எஸ்சி. முடித்த அவள்தான் எங்கள் வார்டு இன்சார்ஜ். எனக்கு அதில் பொறாமை இல்லை, சத்தியமாக இல்லை. அன்று சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள்தான், "அக்கா, டிப்ளமோ முடிச்சவங்களுக்குன்னே ரெண்டு வருஷ டிகிரி கீதுக்கா. நீங்க ஏன் அப்ளை பண்ணக் கூடாது?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்தப் படிப்பு இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். நீ பிறந்த வருஷம் போகலாம் என்று இருந்தேன், பிறகு நீ எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம், பிறகு உன் பிளஸ் டூ முடியட்டும் என்று. எல்லாம் நல்ல காரணங்கள்தான், யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. ஜூலையில் சும்மா விசாரித்துவிட்டு வரலாம் என்று அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அட்மிஷன் ஆபீஸில் சவுரிமுத்து என்று ஒருவர், நல்ல மனிதர், பிளஸ் டூ பிள்ளைகளுக்கான நாலு வருஷப் படிப்பைப் பற்றி கால் மணி நேரம் விளக்கிவிட்டு, "பொண்ணு வரலியாம்மா?" என்று கேட்டார். "பொண்ணுக்கு இல்ல சார், எனக்குத்தான்" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரில் வந்து படித்தால் இரண்டு வருஷம், வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் படிப்பதென்றால் வேறொரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம், இதை முடித்தால் மேலே எம்.எஸ்சி.யும் போகலாம், எந்த வழியில் முடித்தாலும் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். சொல்லிக்கொடுக்கிற வேலை என்றதும் அந்த நோட்டுப் பெண் ஞாபகம் வந்தது. நேரில் படிப்பதற்கே எழுதிப் போட்டேன். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் உன்னிடம் சொல்லவில்லை. தேர்வு வைத்தார்கள், எழுதினேன், ஆகஸ்டில் இடம் கிடைத்துவிட்டது.

அதற்கு இரண்டாம் நாள் நீ ஸ்கேன் முடித்து வந்து அழுதுகொண்டே பேசினாய். எல்லாம் நன்றாக இருக்கிறதென்று டாக்டர் சொன்ன பிறகும் உனக்கு அழுகை வந்தது. "நீ வந்தாதாம்மா எனக்குத் தைரியம்" என்றாய். மறுநாளே இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சவுரிமுத்து எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை, வெயிட்டிங் லிஸ்டில் ஆள் இருப்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். பெயர், பதிவு எண் எல்லாம் எழுதினேன். கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். 'மகளின் பிரசவம்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுதினால் என்றைக்காவது ஒரு நாள், ஏதாவது ஒரு கோபத்தில், உன்னால்தான் நான் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவேனோ என்று தோன்றியது ஸஹானா. இருபத்து நாலு வருஷமாக அதை ஒரு தடவையும் நான் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. உன் குழந்தை பிறக்கிற நேரத்தில் அந்த வார்த்தைக்கு இடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தேன். "நாளைக்கு நாலு மணி வரைக்கும் டைம் இருக்கும்மா, அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து, "நான் போறேன்" என்றார். எங்கே என்றேன். "ஸஹானா வூட்டுக்கு. மூணு மாசம்." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ரிட்டயர் ஆகற வரைக்கும் முப்பத்தி நாலு வருஷம் மின்வாரியத்துல மழையில கம்பம் ஏறியிருக்கேன். டயப்பர் மாத்தறதுக்கு டிகிரி கேப்பாங்களா?" என்றார். மறுநாள் நாலு மணிக்கு முன்னாலேயே போய்ப் பீஸைக் கட்டிச் சேர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு வீட்டில் வகுப்பு நடக்கிறது. தலையணையைத் துணியில் சுற்றப் பழகிவிட்டார். பூண்டு ரசம் மூன்று முறை வைத்தார், மூன்றாவது சாப்பிடும்படி இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவது மட்டும் இன்னும் பயம். குழந்தை பிறந்ததும் ஒரு வாரம் வீட்டுக்கே ஒரு அம்மா வந்து தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வார் என்று நீ சொன்னாயே, அவரிடம் கற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். அவருடைய விசா வந்துவிட்டது, நவம்பர் பத்தாம் தேதிக்கு டிக்கெட். எனக்கு டிசம்பர் கடைசியில் பதினைந்து நாள் லீவு, என் விசாவுக்கும் கொடுத்திருக்கிறோம், எப்படியும் வந்துவிடுவேன்.

பிரசவ நேரத்தில் நான் பக்கத்தில் இல்லாதது எனக்கும் கஷ்டம்தான். வகுப்பில் தாய் சேய் பாடம் நடத்தும்போது உன் முகம் வந்து நிற்கிறது, ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாடம் எடுக்கிற டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, தூசியா என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார். சரஸ்வதி பூஜைக்கு இந்த முறை என் புத்தகங்களைத்தான் வைத்தோம், சந்தனப் பொட்டை அப்பாவே வைத்தார். உனக்குக் கோபம் வந்தால் தாராளமாகத் திட்டு, அழுகை வந்தால் அழு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உனக்கு வலி எடுத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, வகுப்பில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து பேசுவேன், டீச்சரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே, இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடு. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. குழந்தை அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு. மாப்பிள்ளை கேஷவ் ராத்திரி வெறும் பிரெட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாராமே, அவருக்கும் சேர்த்து ஒரு பிடி சோறு வை. அப்பா வந்ததும் முதல் நாள் அவர் வைக்கிற ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல், எப்படி இருந்தாலும். நீயும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல் நீண்ட ஆயுளோடு இருக்க என் மனமார்ந்த ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அம்மா,
கு. சாமுண்டீஸ்வரி
முதலாம் ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங்