மூன்று விரல்

5-2-73 திங்கள்

கடும் பனி. ஸ்டேஷன் கைகாட்டி கூடத் தெரியவில்லை. கா. 6.45க்கே கம்பெனியில் ஆஜர்.

நான் சொன்னது எல்லாம் அப்படியே நடந்துவிட்டது. இரும்பு உருக்கப் புது பர்னஸ் கட்ட வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று சேதி வந்த அன்றைக்கே ஸ்டோர் ரூமில் நாலு பேர் முன்னால் சொன்னேன். "பாருங்கடா, அவர் வாயைத் தொறந்தா நம்ம மானேஜருக்கு ஒரு எழுத்து புரியாது." புரியவில்லை. பத்து நாளாகப் புரியவில்லை.

துரை பேர் ஹாரி. ஊர் ஸ்காட்லாந்து. இங்கிலாந்துக்கு வடக்கு ஓரமாம், மெட்ராஸுக்கு நம்ம கும்மிடிப்பூண்டி மாதிரி. ஆறரை அடி உயரம். (ஆறு இருக்கும்.)

மானேஜர் மெட்ராஸ் கான்வென்ட்டில் படித்தவர். இங்கிலீஷ் பேசும்போது ர-வை முழுங்கிவிடுவார், வாயில் சூடான இட்லி இருக்கிற மாதிரி. துரை அப்படி இல்லை, ர-வை நம்ம ஆட்கள் போலவே நன்றாக உருட்டுகிறார். இத்தனை நாளும் டைப்பிஸ்ட் பையன் என்னைத்தான் நடித்துக் காட்டுவான். "யெஸ்ஸு சாரு, இஸ்டோரு ஓப்பனு சாரு." ஆபீஸே சிரிக்கும். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு துரையை நடிக்கிறார்கள். மானேஜர் சொன்னாராம்: "இது இங்கிலீஷே இல்லை. அவங்க ஊர்ல கரி அள்றவன் பேச்சு." கேட்டதிலிருந்து துரை மேல் எனக்குத் தனிப் பாசம்.

துரைக்கும் என்னைத்தான் பிடிக்கும். ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் ஆவடி மிலிட்டரி கேம்ப்பில் மூன்று வருஷம் வெள்ளைக்காரர்களோடு பழகியவன். (பதினோரு மாசம்.)

முக்கிய சேதி. மதியம் துரை பெங்களூர் கிளம்பினார். அங்கே இன்னொரு வேலை, திரும்புவது சனிக்கிழமை. போகும் முன் பர்னஸ் பக்கத்தில் நின்று ஐந்து நிமிஷம் பேசினார். மானேஜர் "யெஸ், யெஸ், ஆஃப் கோர்ஸ்" என்று தலையாட்டினார். நான் துரையின் பெட்டியோடு பக்கத்தில். ஜீப் போனதும் மானேஜர் என்னை ஸ்டோருக்குப் பின்பக்கம் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தணிகாசலம், நீ கேட்டுட்டுதானே இருந்தே? சின்ன நெருப்பு எத்தனை நாள் போடணும்னார்?"

விஷயம் இதுதான். பர்னஸ் உள்ளே நெருப்புக்கல், அதன் மேல் ஈரக் களிமண் பூச்சு. சின்ன நெருப்பு போட்டு மெதுவாக ஈரத்தைக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் பெரிய நெருப்பு, இரும்பு எல்லாம்.

நான் தயங்கவே இல்லை. "மூணு நாள் சார். மூணு விரலை நீட்டிக் காட்டினார். வெள்ளிக்கிழமை உருக்கலாம்னார்."

மானேஜர் முகத்தில் களை வந்தது. வரும் வெள்ளி தை மாசக் கடைசி வெள்ளி, வளர்பிறை. முதலாளி அன்றைக்குத்தான் பூஜை என்று முன்னமே நாள் குறித்துவிட்டார். எல்லாருக்கும் வேண்டிய நாள் அது.

"எழுதிக் கேட்டிருக்கலாமே சார்" என்றேன்.

"எழுதிக் குடுன்னு கேட்டா, அவன் பேச்சு எனக்குப் புரியலைன்னு ஆயிடாதா? யார்கிட்டயும் மூச்சு விடாதே."

விடவில்லை. மாப்பிள்ளை ஏழுமலையிடம் மட்டும். அப்புறம் டீக்கடையில்.

6-2-73 செவ்வாய்

பனி குறைவு. நாஷ்டா தங்கச்சி கன்னியம்மா வூட்டில். இட்லி, மீன் குழம்பு (நேத்தையது).

கன்னியம்மா புருஷன் ஏழுமலைதான் பர்னஸில் முதல் ஆள். வாய்க்கு எதிரே நின்று நெருப்பைப் பார்ப்பதும், உருகின இரும்பைக் குத்தி இறக்குவதும் அவன். பன்னிரண்டு வருஷப் பழக்கம். சாப்பிட்டுக்கினே கேட்டான்.

"மச்சான், மெய்யாலுமே மூணு நாள்னா சொன்னாரு? முன்ன வேலை செஞ்ச எடத்துல ஒரு வாரத்துக்குக் கொறைஞ்சி நாங்க காயவெச்சதே இல்ல."

"அது நம்மூரு களிமண்ணு மாப்ளே. இது சீமைப் பூச்சு. துரை என் தோள் மேல கை போட்டு, மூணு விரலை மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'திரீ டேஸ், தணிகாசலம்'னாரு."

"உம் பேரைச் சொன்னாரா?"

"பின்ன?"

கன்னியம்மா குழம்பு ஊற்றினாள். "எங்கண்ணன் இல்லன்னா அது ஊமைக் கம்பெனிதான்" என்றாள். நன்றாக இருந்தது கேட்க.

பேச்சு வாக்கில் நான்: "ஈரம் இருந்தா இன்னா ஆவும்?"

ஏழுமலை சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கைக்கு மேலே தோல் வெந்து சுருங்கின இடம். இது மாட்டு வண்டி ஆக்சிடெண்ட் என்று ஊரில் நானே சொல்லியிருக்கிறேன்.

"கரண்டி ஈரமா இருந்திச்சி, அவ்ளோதான். இரும்புக் கொழம்புல போட்டான். பட்டாசு மாதிரி வெடிச்சிச்சி. எம் பக்கத்துல நின்னவனுக்கு ரெண்டு கண்ணும் போச்சி. இது கரண்டி ஈரம். செவுரே ஈரமா இருந்தா..." கை கழுவப் போனான்.

மூன்றாவது இட்லி இறங்கவில்லை. கன்னியம்மா, "இன்னாண்ணே, உப்பு ஜாஸ்தியா?" உப்பு சரியாகத்தான் இருந்தது.

7-2-73 புதன்

மூட்டம். முழங்கால் வலி.

பூஜை சாமான் என் பொறுப்பு:
பூசணி 4
எலுமிச்சை 2 டஜன்
கற்பூரம், சாம்பிராணி
மாலை (பொன்னேரியில் சொல்லியாச்சு)
ஷாமியானா
பொங்கல், சுண்டல்: 200 பேருக்கு

200 பேர் எப்படி என்றால், முதலாளி உத்தரவு, எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும். முதல் நெருப்பை பெண்டு பிள்ளைகள் பார்த்தால்தான் பட்டறை விளங்குமாம். பெண்கள் நிற்க எங்கே கயிறு கட்டுவது என்று கேட்டேன். "கிட்டவே கட்டு, தெரியணும்ல" என்றார் மேஸ்திரி. அளந்தேன். பர்னஸிலிருந்து பதினைந்து அடி. (பதினைந்துதான். இதில் கூட்டவில்லை.)

கயிற்றில் போட்ட முடிச்சு ரெண்டு தபா நிற்காமல் அவிழ்ந்தது. சுகர் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். எனக்கு சுகர் இல்லை.

மா. 4 மணிக்கு மானேஜர் அறைக்குப் போனேன்.

"சார், சும்மா ஒரு தபா கேட்டுக்கலாம். பெங்களூருக்கு டிரங்க் கால் போடுங்க."

"போட்டு? யார் பேசறது? நேர்ல நின்னு பேசினதே புரியலை, போன்ல புரியப்போகுதா?" அப்புறம் என்னை உற்றுப் பார்த்தார். "நீதான் தெளிவாக் கேட்டேன்னியே? மூணு விரல் காட்டினார்னியே?"

"காட்டினார் சார்."

"அப்புறம் என்ன?"

வெளியே டைப்பிஸ்ட் பையன்: "இன்னா மாமே, டிரங்கு காலு போடுறியா? ஹலோ ஹர்ர்ரி சாரு!" நேராக ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

துரையைப் பற்றி ஒன்று எழுத விட்டுப்போச்சு. போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி பங்களாவில் அவருக்கு டீ கொண்டுபோனேன். பேசிக்கினே இருந்தவர் திடீரென்று மூக்கை மேலே தூக்கி, மெல்லிசுக் குரலில், வாயைச் சுருக்கி ஏதோ பேசினார். பிறகு தன்னைச் சுட்டிக்காட்டி வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறது போல நடித்தார். லண்டன்காரன் இவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பான் என்கிறார். நான் உடனே மானேஜர் மாதிரி மூக்கைத் தூக்கி, என்னைக் காட்டிச் சிரித்தேன். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதில் இங்கிலீஷே இல்லை.

இதை ஏன் எழுதினேன் தெரியவில்லை.

8-2-73 வியாழன்

நல்ல வெயில். வெயில் அடித்தால் காய்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை. உள்ளே இருப்பதை வெயில் எங்கே காய வைக்கும்.

மதியம் ஏழுமலை கூப்பிட்டான். "இங்க கை வை மச்சான்."

பர்னஸ் கீழ்ப்பக்கம், கல்லும் இரும்புத் தகடும் சேர்கிற இடம். வைத்தேன். சூடு. எடுத்தேன். கையெல்லாம் ஈரம்.

"வேர்க்குது" என்றான். "உள்ள இன்னும் தண்ணி கீது."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான். என் வாய் சொன்னது: "அதெல்லாம் வேர்க்கும் மாப்ளே. சீமைப் பூச்சு வேர்த்தாதான் நல்லதுன்னு துரை அன்னைக்கே சொன்னாரு."

நான் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது. ஐம்பது வருஷமாக எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாத வாய்.

ஏழுமலை தலையாட்டினான். "மானேஜரு கேட்டு வந்து சொல்லியிருந்தா நாளைக்கு லீவு போட்டிருப்பேன். நீ கேட்டதாலதான் தைரியமா நிக்கிறேன்."

ஓடினேன். மானேஜர் முதலாளிக்குக் கார் அனுப்பும் அவசரத்தில்.

"சார், வெள்ளி வேணாம். செவுரு வேர்க்குது."

"கதவைச் சாத்து." சாத்தினேன். "முதலாளி போன்ல கேட்டார். நானே துரைகிட்ட நேர்ல பேசி உறுதி பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன். இப்போ போய், அவன் இங்கிலீஷ் எனக்கு வரலை, ஸ்டோர்ல இருக்கற தேர்டு ஃபார்ம் படிச்ச ஆள்கிட்ட கேட்டேன்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்லலாம் சார்."

"நீ சொல்லேன் பாக்கலாம். உனக்குப் புரியலைன்னு ஊர் முன்னால நீ சொல்லு, பின்னாலயே நான் சொல்றேன்."

அவருக்குத் தெரியும், நான் சொல்ல மாட்டேன் என்று. எனக்கும் தெரியும்.

சாயங்காலம் கன்னியம்மா பெட்டியிலிருந்து கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். "முன்னால நின்னு பாக்கணும்ணே. எடம் புடிச்சி வையி." சரி என்றேன்.

பேதி நான்கு தடவை.

9-2-73 வெள்ளி

வானிலை பார்க்கவில்லை. மா. 3 மணிக்கு எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கே கூட்டம். கயிற்றுக்குப் பின்னால் பெண்கள், முதல் வரிசையில் கன்னியம்மா, அவள் பக்கத்தில் மானேஜர் சம்சாரம், இடுப்பில் குழந்தை. ஏழுமலை பர்னஸ் வாய் எதிரே, நெற்றியில் குங்குமம், கையில் கம்பி. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று குருக்கள் அவசரப்படுத்தினார். பூசணி உடைத்தாயிற்று. முதலாளி காற்று மிஷின் சுவிட்சுக்குப் போனார். அதைப் போட்டால் பெரிய நெருப்பு.

என்னை யார் தள்ளியது தெரியாது. நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"மொதலாளி, கொஞ்சம் இருங்க. எனக்குப் புரியல."

"என்னய்யா புரியல?"

"துரை சொன்னது. மூணு விரல் காட்டினாரு. அது நாளா, வாரமான்னு எனக்குப் புரியல மொதலாளி."

டைப்பிஸ்ட் பையன் சிரித்தான். பின்னால் யாரோ, "அட, நம்ம ஆவடி துரைக்கா புரியல?" நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலாளி மானேஜர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே நேர்ல பேசினேன்னீங்க? நாளா, வாரமா?"

"நாள்தான் சார். இவன் ஏதோ உளர்றான்."

ஏழுமலை கம்பியைக் கீழே வைத்தான். தகட்டில் கையை வைத்து எடுத்து முதலாளி முன்னால் விரித்தான். ஈரம் மினுமினுவென்று.

முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். மானேஜரைப் பார்த்தார். "இங்கிலீஷை விடுங்க. உங்க சம்சாரமும் குழந்தையும் அங்க நிக்கிறாங்க. நான் சுவிட்சைப் போடட்டுமா?"

மானேஜர் கயிற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு தரையை. "எனக்கும் புரியலை சார்" என்றார். அந்த மூன்று வார்த்தையில் ஒரு ர-வும் முழுங்கவில்லை.

சுவிட்ச் போடவில்லை. சின்ன நெருப்பே எரிகிறது. கற்பூரம் காட்டி, பொங்கல் சாப்பிட்டு எல்லாரும் போனார்கள். கேட்டில் கன்னியம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அத்தினி பேர் முன்னால புரியலன்னு சொல்லிட்டியேண்ணே. நாலு பேரு என்னையே பாக்கறாங்க" என்றாள். பட்டுப் புடவையில் பொங்கல் நெய் பட்டிருந்தது.

ஏழுமலை தோளில் தட்டினான். "வாரமாதான் இருக்கும் மச்சான். நான் நெனைச்சேன். நீ அந்த விரலைப் பாத்து வெச்சதால பொழைச்சோம்." அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. காலையில் கூட அவ்வளவு இல்லை.

துரை நாளைக்கு மெயிலில் வருகிறார். முதலாளி மெட்ராஸ் போகவில்லை, பங்களாவில் தங்கிவிட்டார். காகிதம் பென்சிலோடு அவரே துரையைக் கேட்கப் போகிறாராம். நானும் மானேஜரும் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். முதல் கேள்வி: "அன்னைக்கு மூணு விரல் காட்டினீங்களே, அது நாளா, வாரமா?"

துரை விரல் காட்டவில்லை. பேசின ஐந்து நிமிஷமும் அவர் இரண்டு கையும் பேண்ட் பாக்கெட்டில்தான் இருந்தது.