மெழுகுத்தாளுக்கு அடியில் ஒரு சீட்டு

இன்று பாலிங்கிலிருந்து ஒருவர் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தது. மெழுகுத்தாளைப் பிரித்ததும் உள்ளே சீட்டு: கம்பிச் சுற்று எண்ணிக்கை, நம் கடைப் பெயர். அவர் எட்டிப் பார்த்தார். "ஒங்க கூட்டாளி, காட்டுக்காரங்களுக்கு வேல செஞ்சு செத்தாரே, அவரு எழுத்தாண்ணே?" கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

குருணில் நாம் இருவரும் கூட்டாகக் கடை போட்ட புதிதில், சீமை டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணினோம். அதே கணக்கில் சுற்றி, ஆம்ப்ளிஃபயர் செய்து எஸ்டேட் கோயில்களுக்கு விற்றோம். சுற்றுவது நீ, எண்ணுவது நான். கடைசித் தாளுக்கு அடியில் சீட்டு வைப்பது என் பெருமை. "எதுக்குடா? பாட்டு நல்லா கேட்டா போதும்லா," என்று கிண்டலடிப்பாய். நான் கேட்டால்தானே!

காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. கோயிலுக்கு நாம் விற்ற ஒன்றைக் காட்டுக்காரர்கள் தூக்கிப்போனார்கள். பிறகு அவர்கள் முகாமிலேயே அது பிடிபட்டது. எவனோ டிரான்ஸ்பார்மரை வெட்டிப் பார்த்து, உள்ளே நம் சீட்டைக் கண்டிருக்கிறான்.

உச்சிவெயிலில் துப்பாக்கிகளோடு சீருடைக்காரர்கள் வந்தார்கள். சுற்றும் மெஷினை உதைத்துத் தள்ளினார்கள், ரேடியோக்களை நொறுக்கினார்கள். ஒருவன் சீட்டை நீட்டி, "சியாப்பா துலிஸ்? யாரு எழுதுனது?" என்றான்.

"நாந்தான்," என்றாய்.

என் மகள் பிறந்து பதினாறு நாள். அதை நினைத்துத்தான் சொன்னாய். அதை நினைத்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன், பாவி.

உன் வலது கையை மேசையில் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் எழுதிக் காட்டு என்று பென்சிலைக் கொடுத்தார்கள். உன் விரல்களில் பென்சில் நிற்கவில்லை. தாளில் ரத்தம்தான் சொட்டியது. "கடையப் பாத்துக்கடா," என்றாய். தலைமயிரைப் பிடித்து லாரிக்கு இழுத்துப்போனார்கள்.

மூன்றாம் நாள் உன்னைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். குளிப்பாட்டியவன் நான். அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தேன், முடியவில்லை.

அதன்பின் எதிலும் நான் சீட்டு வைத்ததில்லை. என் மகளுக்கே இப்போது மகன் பிறந்துவிட்டான். ஊர்வாயில் மட்டும் நீ இன்னும் காட்டுக்காரர்களின் ஆள்.

வாயைக் கழுவிக்கொண்டு கடைக்குள் வந்தேன். பாலிங்காரர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அவன் எழுத்து இல்ல, தம்பி," என்றேன். "என் எழுத்து. அன்னைக்குப் புடிபட்டதும் என் எழுத்துதான்."