அம்மாவுக்கு நான் எழுதிய விண்ணப்பம்

11.02.1986, செவ்வாய்
காலையில் நல்ல பனி. விஞ்ஞானக் கொப்பி முடிந்துவிட்டது, புதிது வேண்டும்.
மருதனார்மடத்துத் தையல்கடை முதலாளி வந்தார். ஆறு வருடமாக வெட்டிய துணி அனுப்புகிறவர். அம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுப்பார். சட்டைக் கணக்கில் கூலி.
"றோட்டுப் பிரச்சினையிலை துணி ஏத்தி இறக்க ஏலாது அக்கா. கடையிலையே மெசின் போட்டிருக்கிறன். வந்து இருந்து தையுங்கோ, மாசச் சம்பளம். ஒரு விண்ணப்பம் மட்டும் தாங்கோ."
நான்தான் எழுதினேன். தமிழ்ப் பாடத்தில் படித்தபடியே: 'தங்கள் கடையில் புதிதாகப் பணியில் சேர விரும்பும்...'
அம்மா வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். "என்ரை பிள்ளையின்ரை எழுத்து அச்சு மாதிரி."

13, வியாழன்
அதே கடைக்குத் தைக்கும் ராசாத்தி அக்கா வந்தார். தொழில் திணைக்களத்துக் கந்தோரில் விசாரித்தாராம்.
"வீட்டிலை தைச்ச ஆறு வருஷத்தையும் சேவையிலை சேர்க்கச் சொல்லிக் கேக்கலாமாம். இல்லாட்டி நாளைக்கு நிப்பாட்டினால் வெறுங்கைதான். நீ என்னடி எழுதிக் குடுத்தனி?"
சொன்னேன்.
"புதிதாகவோ! நல்லாத்தான் படிக்கிறாய்!"
அம்மா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கணக்கு ஒன்றும் ஓடவில்லை.

14, வெள்ளி
அம்மா கடைக்குப் போய்க் கேட்டார். முதலாளி சொன்னாராம்: "நீங்களே புதிசு எண்டு எழுதியிருக்கிறியள். முந்தித் தைச்சதுக்கு என்ன அத்தாட்சி?"
வீடு முழுக்கத் தேடினோம். கூலி தந்த சீட்டு ஒன்றுகூட இல்லை.

17, திங்கள்
காலைப் பிரார்த்தனை. முன்னால் எல்லாம் வெள்ளைச் சட்டை. திடீரென்று நினைவு வந்தது. யார் தைத்தது என்று தெரிய, கீழ் மடிப்புக்குள் ஆளுக்கொரு நிற நூலில் முடிச்சு. முதலாளியே வைத்த வழக்கம். அம்மாவுக்கு நீலம்.
என் வகுப்பு வதனியின் தங்கை போட்டிருந்தது, ஆறு வருடத்துக்கு முன் வதனி நாலாம் வகுப்பில் போட்ட சட்டை. இடைவேளையில் மடிப்பைத் திருப்பினேன்.
"உனக்கென்ன விசரோ?" என்றாள் வதனி.
நீலம்!
விசயத்தைச் சொன்னதும், "தோய்ச்சு நாளைக்குத் தாறன். கிழிச்சுப்போடாதை."

18, செவ்வாய்
பள்ளி விட்டதும் அம்மாவுடன் மருதனார்மடம். அம்மா சட்டையோடு உள்ளே. நான் வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி. முதலாளியின் குரல் உயர்ந்தது. அம்மா மடிப்பைத் திருப்பி நீல முடிச்சைக் காட்டுவது தெரிந்தது.
அம்மா வந்தார். ஒரு கையில் சட்டை, மறு கையில் என் விண்ணப்பம்.
"வேறை எழுதட்டாம்."
"என்னெண்டு எழுதிறது அம்மா?"
"நான் சொல்லுறன், நீ எழுது. எழுதிப்போட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு."