பூட்டிய கேட்டுக்கு உள்ளே

அண்ணே, உங்களைச் சாகவிட்டது நான் போட்ட ஒரு பூஜ்யம்.

இன்று காலை ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில் உங்கள் சோதனைக் காரைப் புது ஆளிடம் கொடுத்தார்கள். முன்பெட்டியைக் காலி செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. ஒரு மூலையில் கோப்பிக் கறை, பென்சிலில் உங்கள் கோணல் எழுத்து.

நீங்கள் காரில் சுற்றி செல்போன் சிக்னலை அளப்பீர்கள். உள்ள பணத்துக்குள் எங்கெங்கே கோபுரம் வைத்தால் அதிகம் பேருக்கு நல்ல லைன் கிடைக்கும் என்று என் நிரல் தேடும். கார் நுழைய முடியாத இடம் காலியாக வரும். காலி என்றால் பூஜ்யம், அங்கே ஆளில்லை. அந்த விதியை எழுதியவள் நான்.

சுங்கை பாக்காப் பக்கம், பூட்டிய கேட்டைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்துபோய், உங்கள் வீடு உட்பட இருபத்திரண்டு தொழிலாளர் லயத்து வீடுகளிலும் அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தீர்கள்.

"கேட் பூட்டியிருந்தா உள்ள ஆளே இல்லையா தங்கச்சி? என் பொண்டாட்டி பேய்க்கா சமைக்கிறா?"

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"கார்ல அளந்ததுதான் செல்லும்ணே. அடுத்த ரவுண்டுல போடுறேன் லா."

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மடித்துக்கொண்டீர்கள். "சரி லா. நாங்க எங்க ஓடிடப் போறோம்?"

நிரல் ஓடியது. 'மிகச் சிறந்த விடை' என்றது. கோபுரம் கடலோர அடுக்குமாடிகளுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே லிஃப்டுக்குள்கூட லைன் கிடைக்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் குளியலறையில் விழுந்தீர்கள். சாவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்புலன்ஸ கூப்பிட கேட் வரைக்கும் ஓடினேன்மா. அங்கதான் ஒரு கோடு லைன் வந்துச்சு. திரும்பி வந்தா மூச்சு இல்ல."

எனக்குக் கோப்பி கலக்கித் தந்தார். என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

இன்று உங்கள் தாளை வைத்து இருபத்திரண்டு வீடுகளையும் ஏற்றி நிரலை மறுபடி ஓட்டினேன். உங்கள் தோட்டத்துக்கு ஒரு கோபுரம் கிடைத்தது, அண்ணே. அதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரைமணி நேரம்தான் அன்று என்னிடம் இல்லை.

மேலாளரிடம் போனேன். "இந்த வருஷ பட்ஜெட் முடிஞ்சிடுச்சு. அதோட இது கார் டேட்டா இல்லையே" என்றார், திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது.

தாள் இப்போது என் பையில் இருக்கிறது. சற்றுமுன் மறுபடி அனுப்பினேன்: "இருபத்திரண்டு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கோபுரம் எப்போது?"