கேலிப்பரைத் துடைத்த கை

என் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே போதும். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அப்பா பட்டறையைப் பூட்டி இன்றோடு பத்தொன்பது நாள். நம் தெருத் தையல்காரர் தன் பழைய காரின் கேலிப்பருக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லி விட்டுப்போயிருந்தார், சக்கரத்துக்குள்ளே பிரேக் பேடைக் கவ்விப் பிடித்திருக்குமே, அதற்குத்தான். வெளியே தெரிவது நாலு விரல் அகலம், அதற்கு இத்தனை ஆசையா என்று நான்கூடச் சிரித்தேன். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பது, உப்புத்தாள் போடுவது, டேப் ஒட்டுவது எல்லாம் நான்தான். பேடில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், பிரேக் கழுவுகிற ஸ்பிரேயும் தீர்ந்துபோயிருந்தது. சோம்பல்பட்டு, பேடைக் கழற்றாமலே மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அப்பா பெயின்ட் அடித்து, காய்ந்ததும் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். தெருமுனை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கார் சுவரில் மோதித் தையல்காரருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இனி மெஷினை மிதிப்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். இடிபட்ட காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்த அப்பா, "என் கை நடுங்கினதுல எதையோ சரியா மாட்டல"ன்னு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் தாங்க முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். தலை நிமிராமலே, "சக்கரத்தைக் கழட்டினதும் மண்ணெண்ணெய் வாடை வந்துச்சு, தெரியும். விடு"ன்னார். எப்படி விடுவது? இன்று காலை தையல்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்தபடி பொறுமையாகக் கேட்டார். "நேத்து சாயங்காலமே அண்ணன் வந்தாரு, அக்கா. 'என் சம்சாரம் வந்து பழியைத் தன்மேல போட்டுக்குவா, நம்பாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு"ன்னார். அவர் மனைவி எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையை வண்டி எடுக்குமுன் பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்க்கச் சொல். இரண்டு பேரும் குறையில்லாமல் இருங்கள். அப்பாவிடம் எதையும் கேட்காதே. நீயாவது என்னை நம்பு.

உன் அம்மா