ஐந்தாம் மணி லேட்டாம்

மார்ச் 6, வியாழன்

சர்ச் கோபுரத்தில் ஆறு பேர் ஆறு கயிற்றை இழுத்து, வரிசையை மாற்றி மாற்றி மணியடித்து, நடுவில் இடைவெளி பிசகக்கூடாது என்று உயிரை விடுகிறோம். அதில் நெவிலின் வாய் வேறு. கோபுரத்துக்குத் தலைவனாம்! பயிற்சி முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னான்: "கிளைவ், உன் மணி இன்னைக்கும் லேட்டு. மே மாசப் போட்டிக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்."

கிளைவ் வீட்டுக்கு வந்து பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியை வெட்டினான், சாப்பிடவில்லை. அந்த ஐந்தாம் மணியைப் பிடுங்கிவிட்டால் என் புருஷன் என்ன செய்வான்? அவன் லேட் இல்லை. அளந்து காட்டி நெவில் வாயை அடைக்கிறேன்.

மார்ச் 13

லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்துப் பதிவு செய்தேன். நெவிலின் இருமல், நெவிலின் கத்தல் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. மணிகளைக் காணோம்! ஒரு டன் வெண்கலம் எங்கே போயிற்று?

மார்ச் 14

கண்டுபிடித்தேன். பேச்சைத் தெளிவாக்கி இரைச்சலை நீக்கும் வசதியாம், தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள் இதை? மணியோசை அதற்கு இரைச்சல். லண்டனிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அணைத்துவிட்டேன்.

மார்ச் 20

இப்போது மணிகள் அலறுகின்றன, திரையில் ஒலி அலையின் உச்சியெல்லாம் வெட்டுப்பட்டு மொட்டை. லேப்டாப்பில் தனி மைக் ஒன்றைச் செருகி, அதைக் கிளைவின் கம்பளிக் காலுறைக்குள் திணித்தேன். சனியன், அதன்பிறகுதான் ஒழுங்காகப் பதிந்தது. ஒவ்வொரு அடியும் தனித்தனி முள்ளாகத் தெரிகிறது. நாளைக்கு இடைவெளிகளை அளக்கவேண்டும்.

மார்ச் 21

ஐந்தாம் மணி லேட்.

ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. நெவில் சொன்னது சரியா? நெவிலா? இத எப்படி நான் கிளைவ்கிட்ட சொல்றது?

மார்ச் 23

சொல்லவில்லை.

மார்ச் 28

நேற்று பழைய வெப்கேமை அலமாரியில் வைத்துப் படமும் பிடித்தேன். ஒலியையும் படத்தையும் சேர்த்து ஓட்டினால், கிளைவ் ஒவ்வொரு முறையும் மற்றவர்களின் கைகளைப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கிறான். முன்பெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடிப்பான். தேநீர் போடும்போது கேட்டேன்.

"எதுக்கு எல்லார் கையையும் பாக்கற?"

"மணி சரியா கேக்கல மேவிஸ். காது மிஷின் மாட்டினதுலேர்ந்து அப்படித்தான். நெவில் பேசறது மட்டும் நல்லா கேக்குது."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலையே."

கேக்கலையாம்! இந்த மனுஷனோட நான் எப்படித்தான் குப்பை கொட்டினேனோ. காதுக்குள்ளேயே என் லேப்டாப்பின் தம்பியை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அதுவும் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மணியைத் துடைத்தெறிகிறது. மாற்றி அமைக்க மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஜூனில் வரச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 3

மிஷினைக் கழற்றிவிட்டு அடித்தான். இடைவெளி அத்தனையும் ஒரே சீர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வரிசையை மாற்றச் சொல்லி நெவில் கத்தினான், இவன் காதில் விழவில்லை. ஐந்து பேர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். நெவில் முகம் பீட்ரூட்.

"இவனுக்கு நான் என்ன தந்தியா அடிக்கணும்?"

மிஷின் இருந்தால் மணி இல்லை, மிஷின் இல்லாவிட்டால் நெவில் இல்லை. இரண்டாவதே பரவாயில்லை என்று கிளைவ் சொல்கிறான்.

ஏப்ரல் 10

நாலாம் மணி என்னுடையது, பக்கத்தில்தான் நிற்கிறேன். நெவில் கத்தியதும் நான் தலையாட்டுகிறேன், கிளைவ் மாற்றுகிறான். ஒரு பிசகும் இல்லை. இடைவெளி அளந்த படத்தை நெவில் மூக்குக்கு நேரே நீட்டினேன். "சரி, பாப்போம்" என்றான்.

மே 10, சனி

போட்டியில் நாலாவது இடம், வழக்கம்போல. மூன்றாம் மணி முந்துகிறது, கடைசி மணி இழுக்கிறது என்று நடுவர் ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். ஐந்தாம் மணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பப்பில் நெவில் பீர் கோப்பையோடு எங்கள் மேஜைக்கு வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே முனகினான்: "கிளைவ், நல்லா அடிச்சப்பா."

மிஷின் என் கைப்பையில்தான் இருந்தது.

"என்ன சொல்றான்?" என்றான் கிளைவ்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

"அவனுக்குக் கேக்கல நெவில்," என்றேன். "கொஞ்சம் சத்தமா சொல்லு."