டப்பாவுக்குள் சிவப்புச் சீட்டு

ஜூலை 8
உருளைக்கிழங்கு – பத்துக்கு நான்கு. உப்பு ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்படியே சிவப்பு மையில் சீட்டு எழுதிக் காலிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, "நாளைக்கு உப்பைத் தனியா கட்டித் தரேன், நீங்களே சமாதானம் பண்ணி வைங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற கூத்து. கணக்கு வாத்தியாருக்கு வேறு எப்படிக் கொஞ்சத் தெரியும்?

ஜூலை 11
மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன். கொடுக்க அவளே பள்ளிக்கு வந்தாள். ஆசிரியர் அறையில் டிரில் மாஸ்டர் (வீட்டில் சமைப்பது இவர்தான், வெளியே சொல்லமாட்டார்), "வாங்க மேடம், இந்த வாரமாவது பாஸா?" என்றார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அவள் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டாள். பள்ளி திறந்ததிலிருந்து அவள் சமையலுக்கு நான் போட்ட மதிப்பெண் பட்டியல். அடியில் என் கையெழுத்தில்: "பெற்றோரை அழைத்து வரவும்."

மேலிருந்து கீழ்வரை படித்தாள். எல்லாருடனும் சேர்ந்து சிரித்தாள். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம், "உள்ளதைத்தானே எழுதினேன்" என்றேன்.

"எனக்கு மட்டும் எழுதினதுன்னு நெனச்சேன்."

ஜூலை 12
பட்டியலைக் கிழித்தாயிற்று. டிரில் மாஸ்டருக்குத்தான் வருத்தம். "நல்லா போயிட்டிருந்துச்சே சார்."

ஜூலை 15
சண்டைக்கு நான்கு நாளாகத் தயாராக இருக்கிறேன். வந்தபாடில்லை. ஏதாவது சொன்னால் சிரிக்கிறாள் – விருந்தாளிக்குச் சிரிக்கிற அளவு. டப்பா வருகிறது. உப்பு சரியாக இருக்கிறது.

எனக்கு வருத்தமா? தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தட்டிப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ.

ஜூலை 19
பத்துக்குப் பத்து போட்டேன். நிஜமாகவே. சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுல என்ன கிண்டல்? எனக்குப் புரியலையே."

ஜூலை 20
சீட்டு எழுதவில்லை.

ஜூலை 26
சீட்டை நிறுத்தி ஒரு வாரம். மத்தியானம் டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எவ்வளவு சார்?" என்றார்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

அறையே சிரித்தது. நான் சிரிக்காமல் இருந்ததால் இன்னொரு தடவை சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடமும் அதையே சொன்னேன். "சாப்பாடு நல்லாயிருந்துச்சு."

சிரித்தாள். விருந்தாளி அளவு. டப்பாவை வாங்கி, திறந்து பார்க்காமலே தண்ணீரில் போட்டாள்.